கதைக்கும் கதைக்கும் சம்பந்தம் பேசலாமா?

(மாணவி, இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



நம்ம கேன்டீனில் டீ ஆறிப் போகிற வரைக்கும் நடக்கிற சண்டை எதுவென்று உங்களுக்கே தெரியும். ‘டில்லியும் ரோலக்ஸும் நேருக்கு நேர் வந்தா யாரு ஜெயிப்பா?’ ஒரு கட்சி டில்லி என்கும். இன்னொரு கட்சி டேபிளைத் தட்டும். மூன்றாவதாக ஒருத்தர், ‘வந்தியத்தேவன் ஒரு குதிரையோட அங்க வந்தா என்ன ஆகும், அதைச் சொல்லு’ என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பெல் அடித்துவிடும்.

அந்த மூன்றாவது ஆள் சொன்னதில்தான் ஒரு கதை இருக்கிறது என்பது என் கட்சி. வேறு வேறு கதைகளில் இருக்கிற ஆட்களை ஒரே கதைக்குள் கொண்டு வந்து ரசிகர்களே எழுதுவதை இங்கிலீஷில் ‘கிராஸ் ஓவர்’ என்கிறார்கள். நான் அதை ‘சம்பந்தக் கதை’ என்று சொல்கிறேன். இரண்டு குடும்பம் சம்பந்தம் பண்ணிக்கொள்கிற மாதிரி இரண்டு கதை சம்பந்தம் பண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் மட்டுமா வருகிறார்கள்? இரண்டு பக்கத்துப் பழக்க வழக்கம், பங்காளிச் சண்டை, பழைய கடன் எல்லாமே சேர்ந்துதானே வருகிறது! கதையிலும் அப்படித்தான்.

நம்ம காலேஜில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிக் கதை எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். (யார் யார் என்று சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்!) நிறையப் பேருக்கு ஆரம்பம் பிரமாதமாக வருகிறது, இரண்டாவது பக்கத்தில் நின்று போகிறது. எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த ஆட்களை, எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை முதலிலேயே யோசிக்காததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பத்து எம்எம் போல்ட்டில் ஒன்றரை எம்எம் பிட்ச்சும் உண்டு, ஒன்றேகால் எம்எம் பிட்ச்சும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்று. ஒன்றேகால் போல்ட்டில் ஒன்றரை நட்டைப் போட்டுத் திருகிப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு மரை ஏறும். அதற்கப்புறம் சிக்கும். பலம் போட்டால் மரை போய்விடும். இரண்டு பக்கத்தில் நிற்கிற கதைகளுக்கும் அதே கதிதான்.

‘இதெல்லாம் வெளிநாட்டு காமிக்ஸ் சமாச்சாரம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கேயும் உண்டுதான். சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் இரண்டு போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து ஒரே புத்தகத்தில் 1976-ல் சந்திக்க வைத்தார்கள். அதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே, 1906-ல், மாரிஸ் லெப்லாங் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் தன்னுடைய ஆர்சேன் லூபின் என்ற திருடனைப் பிடிக்க ஷெர்லாக் ஹோம்ஸையே வரவழைத்தார். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் தரப்பு ஆட்சேபணை சொன்னதும், பெயரை ‘ஹெர்லாக் ஷோல்ம்ஸ்’ என்று எழுத்தை மாற்றிப் போட்டுத் தப்பித்தார்! நல்ல ஆள்தான். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பழைய, இதைவிடப் பெரிய சம்பந்தக் கதை நடந்துகொண்டிருக்கிறது. வருஷா வருஷம் நாமே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவைத்தான் சொல்கிறேன்.

மீனாட்சி கல்யாணம் சிவன் கோயில் திருவிழா. அழகர் மலையிலிருந்து இறங்கி வருவது பெருமாள் கோயில் திருவிழா. இரண்டும் முன்பு தனித்தனி. கல்யாணம் மாசி மாதத்தில் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூருக்குப் போய் வந்தார் என்று சொல்வார்கள். திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை) இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே ஊரில் சேர்த்து வைத்தார். கோயில் கணக்குப்படி அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் தனியாக வந்துவிடுகிறார். ஆக, அதிகாரப்பூர்வமாக அழகருக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் ஒரு வேலையும் இல்லை!

ஆனால் ஜனங்கள் விட்டார்களா? ‘அண்ணன் தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றாரு. வழியெல்லாம் மண்டகப்படியில நின்னு நின்னு வர்றதுல லேட்டாயிடுது. வைகைக்கு வந்து சேர்ந்தா கல்யாணம் முடிஞ்சு போச்சுங்கிறாங்க. கோவிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வராம அப்படியே வண்டியூர் போயிடுறாரு.’ எங்க அப்பத்தா சொல்கிற கணக்கு இதுதான். உங்க அப்பத்தாவும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் ராத்திரி தங்குகிறார் என்று இன்னொரு கதையையும் ஒட்ட வைத்துவிட்டார்கள். சைவம், வைணவம், இஸ்லாம் மூன்றும் ஒரே கதையில்! எழுதினவர் பெயர் கிடையாது. எழுதினவர் எல்லாரும் ரசிகர்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒட்டுப் போட்ட இடம். எவ்வளவு சின்னது பாருங்கள்! அண்ணன் தங்கை என்ற ஒரே ஒரு உறவு. தாமதம் என்ற ஒரே ஒரு காரணம். இது இரண்டைத் தவிர எந்தக் கோயில் பழக்கத்தையும் மாற்றவில்லை. சிவன் கோயில் சிவன் கோயிலாகவே இருக்கிறது, அழகரும் அவர் பாட்டுக்கு ஆற்றில் இறங்குகிறார். இரண்டு மாதத் திருவிழாக்கள் ஒன்றானதற்கு ராஜாவுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம், ஜனங்களுக்கு ஒரு குடும்பக் காரணம் போதுமாக இருந்தது.

இன்னொன்று. இந்தக் கதையில் இரண்டு பெரிய ஆட்களும் சந்திக்கவே இல்லை! நாமாக இருந்தால் என்ன செய்வோம்? முதல் காட்சியிலேயே இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தி, ஸ்லோ மோஷனில் நடக்கவிட்டு... ஜனங்கள் அதைச் செய்யவில்லை. சந்திக்க முடியாமல் போனதையே கதையாக்கினார்கள். அண்ணன் கோபம்தான் அதில் ருசி. ஒரு சம்பந்தக் கதைக்கு ‘யார் ஜெயிப்பா’ என்பது கேள்வியே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். யார் ஜெயிப்பார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும்.

அடுத்து நாடகத்துக்கு வருவோம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்! ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னாலேதான் சந்தித்துக்கொள்வார்கள். ஆனாலும் நாடகம் பிசகாது. ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே கதை மனப்பாடம், ஒரே விதிமுறை. அந்த விதிமுறையைப் போட்டுக் கொடுத்தவர்களில் பெரியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவர் நாடகங்களில் ‘பவளக்கொடி’யும் ‘அல்லி அர்ஜுனா’வும் உண்டு. பவளக்கொடி 1934-ல் சினிமாவாகவும் வந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம்.

யோசித்துப் பாருங்கள். அர்ஜுனன் எங்கே, மதுரை எங்கே? வியாசர் பாரதத்தில் அல்லியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை. அல்லி மதுரையை ஆளும் அரசி. ஆண் வாடையே ஆகாதவள். இந்த ஊர்க் கதையையும் அந்த ஊர்க் கதையையும் நம்ம ஆட்கள் எந்த இடத்தில் இணைத்தார்கள் தெரியுமா? அர்ஜுனன் தீர்த்த யாத்திரை போன காலத்தில்! மூலக்கதையிலேயே அவன் வீட்டை விட்டு ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே உலூபியைக் கட்டுகிறான், சித்ராங்கதையைக் கட்டுகிறான். வில்லிபுத்தூரார் தன்னுடைய தமிழ்ப் பாரதத்தில் சித்ராங்கதையைப் பாண்டியன் மகளாகவே ஆக்கிவிட்டார். ‘ஊர் சுற்றுகிறான், போகிற இடத்தில் கல்யாணம் பண்ணுகிறான்’ என்று ஒரு கதவு திறந்திருக்கும்போது அல்லி வீட்டுக்கும் அவன் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? குருக்ஷேத்திரப் போர் நடுவில் பதினோராம் நாள் அவனை மதுரைக்குக் கூட்டி வந்திருந்தால் ஒரு கிழவி கூட நம்பியிருக்க மாட்டாள்.

ஆகவே, கதைக்குள் நுழைய ஒரு காலி இடம் தேடுங்கள். பெரிய கதைகளில் எல்லாம் அப்படி ஒரு இடம் இருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்தது. முடியும்போது எத்தனை கேள்விகளைப் பதில் சொல்லாமல் விட்டார் கல்கி! அந்தக் காலி இடத்தில்தான் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். இன்றைக்கு 2022, 2023-ல் வந்த சினிமாக்களுக்கு அப்புறம் எத்தனையோ பேர் குந்தவையையும் நந்தினியையும் வைத்து எழுதுகிறார்கள். இந்த மாதிரிக் கதைக்கு வந்தியத்தேவன் லட்டு மாதிரி ஆள். ஓலை கொண்டு போகிற தூதன், ஊர் ஊராகப் போகிறவன், எங்கே மாட்டினாலும் பேசியே தப்பிக்கிறவன். தூதன், லாரி டிரைவர், வியாபாரி, நாடோடி, தப்பித்து ஓடுகிறவன், இவர்களை எந்தக் கதைக்குள்ளும் அனுப்பலாம். அரண்மனையை விட்டு நகராத ராஜாவை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? ஊரைத்தான் அவரிடம் கொண்டு போக வேண்டும்.

லோகேஷ் கனகராஜ் படங்கள் ஒட்டுகிற காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) மூன்றிலும் அடியில் ஓடுவது போதைப்பொருள் கடத்தல், அதைச் சுற்றின போலீஸ், அதைச் சுற்றின குடும்பம். பிட்ச் ஒன்று. அதனால்தான் கைதியில் கமிஷனர் ஆபீஸைக் காத்து நின்ற கான்ஸ்டபிள் நெப்போலியன் இமாச்சலப் பிரதேசத்துப் பனியில் வந்து நிற்கும்போது தியேட்டர் கைதட்டுகிறது. பெரிய ஹீரோவை விட்டுவிட்டு அந்தச் சின்ன ஆளை அனுப்பினார் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

பலம் சமமாக இல்லாத இரண்டு பேரைச் சேர்ப்பது எப்படி? ஒரு பக்கம் கடவுள், இன்னொரு பக்கம் சாதாரண மனுஷன் என்றால்? புதுமைப்பித்தனைத்தான் படிக்க வேண்டும். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையை 1943-ல் எழுதினார். சிவபெருமான் மெட்ராஸ் பிராட்வே முனையில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரை ஹோட்டலுக்குக் கூட்டிப் போய்க் காபி குடிக்க வைக்கிறார், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார்! வரம் வாங்குவதெல்லாம் இரண்டாம்பட்சம். கடைசியில் கடவுளும் அம்மையும் பிழைப்புக்காக ஒரு பெரிய மனுஷர் முன்னால் நடனம் ஆடிக் காட்டினால், ‘இது கலையில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். நான் லைப்ரரியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்து லைப்ரரியன் முறைத்துப் பார்த்த கதை இது.

கடவுளுடைய சக்தி எதையும் புதுமைப்பித்தன் குறைக்கவில்லை. அந்தச் சக்தியை வைத்து மெட்ராஸில் ஒரு வேலையும் ஆகாது என்று மட்டும் காட்டுகிறார். இடம் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான். ஆளுடைய பலம் எந்த ஊரில் செல்லாதோ அந்த ஊருக்கு அவரை அனுப்ப வேண்டும். செல்லுகிற ஊருக்கே அனுப்பினால் சண்டைக் காட்சிதான் மிஞ்சும்.

அதே 1943-ல் வந்த அவருடைய ‘சாபவிமோசனம்’ வேறு மாதிரி. அகலிகை ராமாயணத்தின் ஆரம்பத்தில் வருகிறவள். அக்கினிப் பிரவேசம் கடைசியில் வருகிறது. இரண்டும் ஒரே காவியம்தான், ஆனால் இந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்து பேசினதாக நாம் கேள்விப்பட்டதில்லை. புதுமைப்பித்தன் பேச வைத்தார். தன்னைக் கல்லிலிருந்து எழுப்பிய ராமன், சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். இதற்கு வெளியூர் ஆள், வெளிக்கிரகம், டைம் மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு ரூம், நடுவில் ஒரு கதவு.

நம்ம ஊரில் இதற்கு இடமா இல்லை? திண்டுக்கல் மலைக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார், சிவகங்கையிலிருந்து வந்து விருப்பாட்சியில் கோபால நாயக்கர் பாதுகாப்பில் வருஷக்கணக்காக இருந்தார். மைசூர் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். உருதுவில் அவர் பேசினதைக் கேட்டு ஹைதர் அலி அசந்து போனார் என்று சொல்வார்கள். 1780-ல் சிவகங்கையை மீட்டார். சிவகங்கைக் கதையும் மைசூர்க் கதையும் சந்தித்த இடம் நம்ம மாவட்டம்! அந்தக் கோட்டைக்கு அடிவாரத்தில் ஒரு பூட்டுப் பட்டறை, ஒரு பேட்டை, ஒரு மொழிபெயர்ப்பாளர் பையன் என்று நம் கற்பனை ஆட்களை வைத்துப் பாருங்கள். சந்தை, சத்திரம், பஸ் ஸ்டாண்டு, டோல்கேட், ஆஸ்பத்திரி வராண்டா, கோர்ட் வாசல் மாதிரி இடங்களில் யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்காரலாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு கதை சந்திக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பத்து மணிக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட இரண்டு பேர் என்றாலே பாதிக் கதை முடிந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. நோட்டில் எழுதி நாலு பேர் படிப்பது வேறு, அச்சடித்து விற்பது வேறு. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரை எழுத்துக்கு உரிமை உண்டு. கல்கி 1954-ல் காலமானார், அதனால் அவர் கதைமாந்தர்களை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம். சுஜாதா 2008-ல்தான் காலமானார். கணேஷும் வசந்தும் நோட்டோடு இருக்கட்டும்.

சரி, இனி நான் எழுதிக்கொண்டிருக்கிற கதைக்கு வருகிறேன். விதியை மட்டும் சொல்லிவிட்டு உதாரணம் காட்டாமல் போனால் எங்க ஒர்க்ஷாப் சார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நம்ம வேடசந்தூரைச் சுற்றி எத்தனை ஸ்பின்னிங் மில் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று இருந்ததை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேறு வேறு பெயர்களிலும் நடந்தது. வயதுக்கு வந்த பெண்ணை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில்லில் சேர்ப்பார்கள். ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும். மாதச் சம்பளம் கொஞ்சம், மீதி மூன்று வருஷம் முடிந்ததும் மொத்தமாக. தாலிக்குத் தங்கம் வாங்க ஆகும் என்பதுதான் பெயருக்கே காரணம். நடுவில் வந்துவிட்டால் அந்த மொத்தப் பணம் கைக்கு வராது என்பதுதான் அதில் பெரிய முடிச்சு. எங்க அக்கா அப்படி ஒரு மில்லில் (பெயர் வேண்டாம்) இருந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான். நான் தாண்டுவதற்கு அவள் அனுப்பின பணமும் ஒரு காரணம். அதனால் இந்தக் கதையை எழுதும்போது ஜாலிக்கு எழுதுகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

என் கதையில் இடம் ஒரு மில் ஹாஸ்டல். அங்கே யாரை அனுப்புவது? வகுப்பில் கேட்டபோது ஒரு நண்பர் உடனே, ‘டில்லியை அனுப்பு! லாரியால கேட்டை உடைச்சு எல்லாரையும் ஏத்திக்கிட்டு வந்துடுவாரு!’ என்றார். கைதட்டல் வேறு. நல்லாத்தான் இருக்கும், காட்சியும் பெரிசாக இருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு என்று ஒரு விதி இருக்கிறதே! கேட்டை உடைத்து வெளியே கூட்டி வந்தால் இரண்டரை வருஷப் பணம் போச்சு. மறுநாள் காலையில் அந்தப் பெண்களே திரும்பி நடந்து போவார்கள். டில்லியின் பலம் அங்கே செல்லாது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கதையில் பூட்டு கேட்டில் இருக்கிறது. இங்கே பூட்டு பேப்பரில் இருக்கிறது.

அதனால் நான் அல்லியை அனுப்புகிறேன்.

அல்லி ராஜ்யத்தில் காவல், மந்திரி, படை எல்லாமே பெண்கள். ஹாஸ்டலிலும் வாசல் செக்யூரிட்டியைத் தவிர எல்லாரும் பெண்கள்தான். உள்ளே நுழைந்ததும் அல்லிக்கு இது தன் அரண்மனை மாதிரியே தெரியும். ‘இங்கே யார் அரசி?’ என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. முதல் காட்சி இதுதான். அவள் எப்படி வந்தாள் என்று நான் விளக்கப் போவதில்லை. ஊர்த் திருவிழாவில் அல்லி வேஷம் கட்டின நடிகை விடிகாலையில் வேஷம் கலைக்காமல் மில் பஸ்ஸில் தூங்கிவிடுகிறாள் என்று ஒரு வரி. அவள் நடிகையா அல்லியா என்று கதை முடிகிற வரைக்கும் சொல்லக்கூடாது என்பது என் திட்டம்.

ஆனால் பெண்கள் மட்டும் இருக்கிற இடம் என்பது மேலோட்டமான ஒற்றுமைதான். போல்ட்டின் பத்து எம்எம் மாதிரி. பிட்ச் வேறு இடத்தில் இருக்கிறது. நாடகத்தில் அர்ஜுனன் அல்லியை எப்படி ஜெயிக்கிறான் என்பது ஞாபகம் இருக்கிறதா? நேரில் நின்று ஜெயிக்க முடியாமல், கிருஷ்ணன் தந்திரத்தால் பாம்பாகி அந்தப்புரத்துக்குள் போகிறான். அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். விழித்துப் பார்த்தால் கழுத்தில் தாலி. சின்ன வயதில் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லையே! அக்கா மில்லில் கையெழுத்துப் போட்ட பேப்பரை ஒருநாள் பழைய பெட்டியில் பார்த்தேன். நாலு பக்கம், பொடி எழுத்து. ‘படிச்சியாக்கா?’ என்று கேட்டேன். ‘எங்க கையெழுத்துன்னு விரல் வச்சுக் காட்டுனாங்க, போட்டேன்’ என்றாள்.

தூக்கத்தில் கட்டின தாலியும் தாலிக்காகப் படிக்காமல் போட்ட கையெழுத்தும் ஒரே மரையில் ஏறுகின்றன. இந்த இடம் கிடைத்தபிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. கத்தி, படை எதுவும் அல்லிக்கு அங்கே உதவாது. அவளும் ரிங் ஃப்ரேமில் நின்று அறுந்த இழையை ஒட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் கண் அசரும்போது பக்கத்துப் பெண் அவள் கையைக் கிள்ளுவாள். ‘தூங்காதீங்க அரசி’ என்று அந்தப் பெண் சொல்வது மெஷினுக்காக. அல்லிக்குக் கேட்பது வேறு அர்த்தத்தில். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் அந்த நாலு பக்கப் பேப்பரை ஒருத்தி படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிற ஒரு காட்சி இருக்கிறது. சண்டைக் காட்சி என்று என் கதையில் இருப்பது அது ஒன்றுதான்.

நாடகத்து பபூனையும் உள்ளே கொண்டு வர ஆசை. ஹாஸ்டல் சமையல் மாஸ்டராக! ஆனால் அவர் வந்தால் மற்ற யாரையும் பேச விடமாட்டார், அதனால் இரண்டே வரி கொடுத்திருக்கிறேன்.

இப்போதைக்கு இருபத்தோரு பக்கம் ஆகியிருக்கிறது. கதையில் அந்தப் பெண்களுக்கு மூன்று வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் பாக்கி. அல்லிக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது, நினைத்தால் இன்றைக்கே மதுரைக்குக் கிளம்பலாம். கிளம்ப வைப்பதா, நாலு மாதமும் கூட இருக்க வைப்பதா என்ற இடத்தில் நோட்டு நிற்கிறது. என் தோழிகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போன வாரம் வரைக்கும் எழுதினதை அக்காவுக்குப் படித்துக் காட்டி அவளிடமே கேட்டேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலேயே, ‘இருக்கச் சொல்லு. எட்டாம் நம்பர் ஃப்ரேமுக்கு நைட்டு எப்பவுமே ஆள் பத்தாது’ என்றாள்.